இரண்டு ஷில்லிங்

ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவன். நகரக் கணக்கேடு, ஜனவரி 1564. சிற்றாலயத்து உருவங்களைச் சிதைத்த வகையில் செலவு, 2 ஷில்லிங்.

ஒரே வரி. எந்தச் சுவர், எந்த உருவம், யார் கை, ஒன்றும் இல்லை. மேலும் கீழும் வேறு சில்லறைச் செலவுகள்.

அந்த வருஷக் கணக்குக்குப் பொறுப்பு இரண்டு பேர். ஜான் டெய்லர். ஜான் ஷேக்ஸ்பியர்.

இரண்டாமவர் கையுறை தைக்கிறவர். பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டதாக ஒரு தாளும் இல்லை. குறிதான் போடுவார். சில இடங்களில் தன் தொழில் கருவியான கவராயத்தை வரைந்து வைத்திருக்கிறார்.

அதே வருஷம் ஏப்ரல் 26. அவர் பிள்ளைக்கு ஞானஸ்நானம். வில்லியம் என்று பெயர்.

இந்த இடம் வந்ததும் எல்லோரும் பிள்ளை பின்னால் போய்விடுகிறார்கள். நான் சுவரோடு இருந்துகொள்கிறேன்.

1552இல் இதே ஜான் ஷேக்ஸ்பியருக்கு அபராதம். ஹென்லி தெருவில் சாணக்குப்பை குவித்து வைத்ததற்காக. 1 ஷில்லிங்.

ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். தென் இங்கிலாந்தில் அந்தச் சமயம் கைதேர்ந்த கட்டட வேலையாளுக்கு நாள் கூலி 10 பென்ஸ் அளவில். இரண்டு ஷில்லிங் என்றால் இரண்டரை நாள் கூலிக்குச் சற்றுக் குறைவு.

 

கட்டடம் திருச்சிலுவைச் சங்கத்தாருடையது. 1269இல் உஸ்டர் பிஷப்பிடம் அனுமதி வாங்கி ஆரம்பித்தது. ஆலயம், பக்கத்திலேயே ஏழைகளுக்கு விடுதி.

சங்கத்தில் ஆண்களும் சேரலாம், பெண்களும் சேரலாம். செத்தவர்களையும் சேர்க்கலாம். உறவுக்காரர் பணம் கட்டினால் போதும், பேரேட்டில் ஆத்மாவின் பெயர் ஏறிவிடும்.

பேரேடு இன்றும் இருக்கிறது.

நடுக்கூடத்தை 1490களில் புதிதாகக் கட்டிக்கொடுத்தவர் ஹியூ கிளாப்டன். இந்த ஊர்க்காரர், லண்டன் போய்த் துணி வியாபாரத்தில் பணம் பார்த்தவர், 1491இல் லண்டன் மேயர். ஆற்றுக்குக் கல்பாலமும் இவர் போட்டதுதான். அதில் இன்றும் கார் போகிறது.

1496இல் இறந்துபோனார். ஆலய வேலை பாக்கி. முடித்துத் தரும்படி உயிலில் எழுதி வைத்தார்.

உயிலில் கட்டடத்துக்குப் பணம் இருக்கிறது. சுவரில் வரைந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

 

என்ன இருந்தது சுவரில்?

பலிபீடப் பக்கத்துக்குப் போகும் வளைவின் மேல், நியாயத்தீர்ப்பு. கிறிஸ்து வானவில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் பரலோகப் பட்டணம். அந்தப் பக்கம் நரகத்தின் வாய். நிஜமாகவே வாய், பல்லோடு.

கூடத்தில் புனித ஜார்ஜ், பறவைநாகம். கேன்டர்பரியில் தாமஸ் பெக்கெட்டை வெட்டிக் கொல்லும் காட்சி. மண் என்ற ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி உருட்டும் ஒரு பாட்டு, எழுத்தாகவே சுவரில், கூட ஒரு சவம். வடக்குச் சுவரில் சாவின் நடனம்.

பலிபீடப் பக்கம் முழுவதும் சிலுவை மரத்தின் கதை.

பெக்கெட்டின் படங்களை எங்கு கண்டாலும் அழிக்கச் சொல்லி எட்டாம் ஹென்றி 1538இலேயே ஆணை போட்டாகிவிட்டது. ராஜாவை எதிர்த்த பிஷப்பைச் சுவரில் வைத்துக் கும்பிட விடுவானா ராஜா?

எலிசபெத் ஆணை 1559. சுவரிலும் கண்ணாடியிலும் பழைய ஞாபகமே மிஞ்சக் கூடாது என்று.

ஸ்ட்ராட்ஃபோர்டு கணக்கு 1564. நாலு வருஷத்துக்கு மேல் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வண்ணக் கண்ணாடியை எடுக்க 1571 வரை ஆயிற்று.

கண்ணாடியை எடுத்தால் வெறும் கண்ணாடி போட வேண்டும். அதற்கு இரண்டு ஷில்லிங் போதாது. சுண்ணாம்பு மலிவு.

 

சிலுவை மரத்தின் கதை, சுருக்கமாக.

ஆதாம் சாகிறான். மகன் சேத் அவன் வாயில் ஒரு விதையை வைத்துப் புதைக்கிறான். மரம் வளர்கிறது. சாலமோன் வெட்டுகிறான், கோயில் கட்ட. உத்தரத்துக்கு எங்கு வைத்தாலும் அளவு பொருந்தவில்லை, ஒன்று நீளம், இல்லாவிட்டால் குட்டை. தூக்கிப் போய் ஓடைக்குப் பாலமாகப் போட்டுவிடுகிறார்கள். ஷேபா அரசி வருகிறாள், பாலத்தில் காலை வைக்க மறுக்கிறாள், தண்ணீரில் இறங்கி நடக்கிறாள். பயந்துபோன சாலமோன் மரத்தை மண்ணில் புதைக்கச் சொல்கிறான். பிறகு அது சிலுவையாகிறது. மறுபடியும் புதைபடுகிறது. முந்நூறு வருஷம் கழித்து ராஜமாதா ஹெலனா வந்து, மேலே கட்டியிருந்ததை இடித்து, தோண்டுகிறாள். மூன்று சிலுவை கிடைக்கிறது. எது அது? ஒரு பிணத்தைக் கொண்டுவந்து ஒவ்வொன்றின் மேலும் கிடத்திப் பார்க்கிறார்கள்.

மூன்றாவதில் பிணம் எழுந்து உட்கார்கிறது.

 

1804. பழுதுபார்க்கும் வேலை. வேலையாட்கள் சுரண்டுகிறார்கள். வெள்ளைக்குக் கீழே முகங்கள்.

அந்தக் கோடையில் தாமஸ் ஃபிஷர் என்பவர் வருகிறார். பார்க்கிறார். உட்கார்ந்து படியெடுக்க ஆரம்பிக்கிறார். அவசர அவசரமாக.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. கூடத்துப் படங்களுக்குத் திரும்ப வெள்ளை அடித்துவிட்டார்கள். பலிபீடப் பக்கத்துப் படங்கள் பூச்சோடு போயின. விதை, பாலம், ஷேபா, ஹெலனா, எழுந்து உட்கார்ந்த பிணம், எல்லாம்.

வெள்ளைக்கு அடியில் இருநூற்று நாற்பது வருஷம். வெளியே வந்த பிறகு எவ்வளவு நாள்?

இன்று அந்தக் கதைக்கு ஸ்ட்ராட்ஃபோர்டில் சுவர் இல்லை. ஃபிஷரின் தாள்தான்.

ஃபிஷர் ஓவியரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. லண்டன் லெடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் குமாஸ்தா. கட்டுரையாளர் சார்ல்ஸ் லாம் அதே கட்டடத்தில் இன்னொரு குமாஸ்தா.

கல்லச்சு அப்போதுதான் இங்கிலாந்துக்கு வந்த புதுச் சரக்கு. அதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஃபிஷர் ஒருவர். சுவரில் போனதைக் கல்லில் வரைந்து தாளில் இறக்கினார். 1807 முதல் தாள்கள் வெளிவந்தன.

ஃபிஷர் 1836இல் காலமானார். விளக்கவுரையோடு முழுப் புத்தகமாக வந்தது 1838இல், ஜான் கஃப் நிக்கல்ஸ் எழுதி.

இன்னொன்று. இது எனக்குப் புதிது. கம்பெனியில் 1816இல் அவருக்குப் பதவி உயர்வு. பழைய தஸ்தாவேஜுகளைத் தேடி எடுத்துத் தரும் வேலை. அந்தப் பதவியில் 1827இல் அவர் தொகுத்துக் கொடுத்த ஒரு அறிக்கை இந்தியாவில் கல்வி பற்றியது. சென்னை மாகாணமும் அதில் உண்டு. 1832இல் பார்லிமென்ட் குழு அதைத் தன் அறிக்கையோடு சேர்த்து அச்சிட்டது.

சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களைத் திண்ணைப் பள்ளிக்கூடங்களை எண்ணச் சொன்னாரே, அந்தக் காலம். எண்ணி வந்த தொகை 12,498 பள்ளி, 188,650 பிள்ளைகள்.

நரகத்தின் வாயில் பல் எத்தனை என்று எண்ணி வரைந்த மனுஷனும் இந்த ஃபிஷர்தான்.

 

வெள்ளையடிக்கும் முன் சில இடங்களில் சுவரைக் கொத்திவிடுவார்கள். புதுப் பூச்சு பிடிக்க. இங்கிலாந்தின் பழைய ஆலயங்களில் பல படங்களில் இந்தக் கொத்துத் தழும்பு தெரியும். அம்மை வார்த்த முகம் மாதிரி.

முகத்தில் மட்டும் கீறல் இருந்தால் அது கோபம். சுவர் முழுக்க ஒரே இடைவெளியில் இருந்தால் அது கொத்தனார்.

அனேகமாக எல்லாம் உலர்ந்த பூச்சின் மேல் வரைந்தவை. ஈரத்தில் வரைந்தால் நிறம் சுவரோடு சேர்ந்து கல்லாகும். உலர்ந்ததன் மேல் வரைந்தது ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கும்.

ஆகவே வெள்ளையைச் சுரண்டும்போது நடப்பது: சுண்ணாம்பு நிறத்தைப் பிடித்திருக்கும் பிடி, நிறம் சுவரைப் பிடித்திருக்கும் பிடியைவிட வலுவானதாக இருந்தால், சுண்ணாம்போடு படமும் வந்துவிடும்.

இதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக, ஆபரேஷன் கத்தியால் செய்கிறார்கள் இப்போது. 1804இல் கையில் என்ன இருந்திருக்கும்?

செங்காவி, மஞ்சள் காவி, கரி, சுண்ணாம்பு வெள்ளை. இவை நிற்கும். சிவப்பு ஈயம் கறுத்துப் போகும். சில படங்களில் முகம் கறுப்பாகத் தெரிகிறது. வரைந்தவன் சிவந்த கன்னம்தான் வரைந்தான்.

 

ஈட்டன் கல்லூரி ஆலயம். 1470களின் கடைசியிலிருந்து 1487 வரை வரைந்த சுவர்கள். சாம்பல் நிறம் அதிகம், ஃபிளாண்டர்ஸ் பாணி. இங்கே வரைந்தவர்களின் பெயர் இரண்டு கிடைக்கிறது. கில்பர்ட். வில்லியம் பேக்கர்.

1560இல் அழித்தார்கள். கல்லூரிக் கணக்கில் அந்தச் செலவும் இருக்கிறது. 6 ஷில்லிங் 8 பென்ஸ். வாங்கிக்கொண்டவர், நாவிதர்.

கல்லூரி நாவிதர். ஏன் நாவிதர்?

பெயர் இல்லை. தொழில் மட்டும்.

1847இல் மர இருக்கைகளை அகற்றியபோது படங்கள் வெளிப்பட்டன. வேலை மேற்பார்வையாளர் சுரண்டித் தள்ள ஆரம்பித்துவிட்டார். யாரோ வந்து நிறுத்துவதற்குள் மேல் வரிசை பெரும்பகுதி போய்விட்டது.

மிச்சத்துக்கு முன்னால் புதிய மர விதானங்களை நிறுத்தி மறைத்தார்கள். அப்போதைய தலைவர் ஃபிரான்சிஸ் ஹாஜ்சன். கவி பைரனின் சிநேகிதர். கன்னி மரியாளின் அற்புதக் கதைகள் பையன்கள் கண்ணில் படுவது அவருக்கு ஒப்பவில்லை.

பைரனின் சிநேகிதருக்கு.

1923இல் விதானங்களை எடுத்தார்கள். அப்போது தலைவர் எம். ஆர். ஜேம்ஸ். பேய்க்கதை எழுதுகிற ஜேம்ஸ்தான். அவர் கதைகளில் மூடிக் கிடப்பதைத் திறக்கிறவனுக்கு நல்லது நடப்பதே இல்லை.

தெற்குச் சுவரில் ஒரு மகாராணியின் கதை. கணவன் ஊரில் இல்லாதபோது கொழுந்தன் பழி போடுகிறான். துரத்தப்படுகிறாள். போன இடத்தில் கொலைப்பழி. மரியாள் கனவில் வந்து ஒரு மூலிகையைக் காட்டுகிறாள். பழி போட்டவர்களுக்கே குஷ்டம் வருகிறது, அவளிடமே வைத்தியத்துக்கு வருகிறார்கள். உண்மையைச் சொன்னால்தான் மருந்து வேலை செய்யும்.

இந்தக் கதை நம் பெரியம்மாக்களுக்குப் பிடிக்கும்.

 

பிக்கரிங், யார்க்‌ஷயர். 1852இல் சுவர்ப்படங்கள் வெளிவந்தன. பாதிரியார் பார்த்தார். ஜனங்கள் பிரசங்கத்தைக் கேட்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றார். உடனே வெள்ளை.

நியாயம்தானே. நானும் சுவரைத்தான் பார்ப்பேன்.

சுமார் கால் நூற்றாண்டு கழித்து மறுபடி திறந்தார்கள்.

வென்ஹாஸ்டன், சஃபக். இது சுவர் இல்லை, பலகை. வளைவை அடைத்து நிறுத்திய மரப்பலகையில் நியாயத்தீர்ப்பு. அதன் மேல் வெள்ளை. 1892இல் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது, வெற்றுப் பலகைகள் என்று நினைத்துப் பெயர்த்துக் கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள்.

ராத்திரி மழை.

விடிந்து பார்த்தால் பலகையில் சாத்தான்.

நிபுணர் இல்லை, கத்தி இல்லை. மழை.

அந்தப் பலகையில் நடுவே மூன்று இடம் வெறுமையாக இருக்கிறது. ஒன்று சிலுவை வடிவம், இரு பக்கமும் இரண்டு ஆள் உருவம். முன்னால் மரச்சிற்பங்கள் நின்றிருந்தன. சிற்பம் மறைக்கும் இடத்துக்கு ஏன் வர்ணத்தை வீணாக்க வேண்டும் என்று வரைந்தவன் விட்டுவிட்டான். சிற்பங்களை எரித்தார்களோ விற்றார்களோ. ஓவியன் மிச்சம் பிடித்த இடம் இருக்கிறது.

பேதுருவின் முன்னால் வரிசை. எல்லோரும் அம்மணம். தலையில் மட்டும் ராஜாவுக்குக் கிரீடம், பிஷப்புக்குக் கூர்மகுடம், கார்டினலுக்குத் தொப்பி. செத்து எழுந்து நிற்கிற இடத்திலும் தொப்பியைக் கழற்றவில்லை.

கழற்றினால் யார் என்று நமக்குத் தெரியாதே.

 

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி. எர்னஸ்ட் டிரிஸ்ட்ரம். கலைக்கல்லூரிப் பேராசிரியர். ஊர் ஊராகப் போய்ச் சுவர்ப்படங்களைத் திறந்தவர், படியெடுத்தவர். அவ்வளவு ஆசை. பாதுகாக்க மெழுகு பூசினார். அன்று அதுதான் வழக்கம்.

மெழுகு சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்தது. தூசியை இழுத்தது. கறுத்தது. பின்னால் வந்தவர்களுக்குப் பல பத்தாண்டு வேலை, மெழுகை எடுப்பது.

மெழுகோடு ஒப்பிட்டால் சுண்ணாம்பு தேவலை. மூச்சு விடும்.

 

மறுபடி ஸ்ட்ராட்ஃபோர்ட். சாவின் நடனம்.

முதலில் பாரிஸில் ஒரு கல்லறை மதிலில் 1424-25இல் வரைந்தது. பார்த்துவிட்டு வந்த துறவி ஜான் லிட்கேட் அதன் பாட்டை இங்கிலீஷில் செய்தார். அது லண்டன் செயின்ட் பால் ஆலயத் தாழ்வாரத்தில் படமும் பாட்டுமாக ஏறிற்று. அங்கிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு.

1549இல் சாமர்செட் பிரபு அந்தத் தாழ்வாரத்தை இடித்தார். கற்கள் அவர் அரண்மனைக்குப் போயின. பாரிஸ் மதிலும் போய்விட்டது, பதினேழாம் நூற்றாண்டில்.

போப், சக்கரவர்த்தி, கார்டினல், ராஜா, வைத்தியன், உழைப்பாளி, குழந்தை. ஒவ்வொருவர் கையையும் ஒரு எலும்புக்கூடு பிடித்திருக்கிறது.

லிட்கேட் பாட்டில் எல்லோருக்கும் பதவிதான் பெயர். ஒரே ஒருவனுக்கு மட்டும் நிஜப் பெயர். ஜான் ரிக்கெல். ஹென்றி ராஜாவின் கண்கட்டு வித்தைக்காரன்.

1955இல் வில்ஃப்ரிட் படிஃபட் என்ற ஓவிய ஆசிரியர் வடக்குச் சுவரில் இதன் தடங்களைக் கண்டுபிடித்தார். கட்டம் கட்டமாக முழுதும் எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து வைத்தார்.

சுவரில் இருப்பது மரப்பலகைக்குப் பின்னால்.

2016இல் மேற்குச் சுவர்ப் பலகையை எடுத்தார்கள். மண் பாட்டு வெளியே வந்தது. ஃபிஷர் தாளோடு ஒத்துப் பார்க்க முடிந்தது. இன்னும் நிறம் இருக்கிறது.

அவசரத்தில் படியெடுக்கிற கை நடுங்கும். ஃபிஷருக்கு நடுங்கவில்லை.

 

ஜூலை 11, 1564. ஸ்ட்ராட்ஃபோர்ட் பாதிரியார் அடக்கப் பதிவேட்டின் ஓரத்தில் லத்தீனில் குறிக்கிறார், இங்கே கொள்ளைநோய் ஆரம்பம் என்று. அந்த ஆறு மாதத்தில் ஊரில் இருநூறுக்கு மேல் சாவு.

ஆகஸ்டில் நகரமன்றம் உள்ளே கூடப் பயந்து சங்கத்துத் தோட்டத்தில் கூடிற்று. ஆலயச் சுவருக்கு அந்தப் பக்கம்.

ஜான் ஷேக்ஸ்பியர் வீட்டில் சில மாதக் கைக்குழந்தை. தெருவில் வேறு வீடுகளில் பிள்ளைகள் போனார்கள்.

 

ஆலயத்துக்கு எதிரே கிளாப்டன் கட்டிய பெரிய வீடு. 1597இல் வில்லியம் வாங்கினார். ஜன்னலைத் திறந்தால் ஆலயம். 1759இல் அப்போதைய சொந்தக்காரர் அந்த இடத்தில் நின்ற வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினார். பாதிரியார்தான். வரிச் சண்டையும் சுற்றுலாக்காரர் தொல்லையும்.

கையேடுகளில் இந்த இடிப்புக்கு ஒரு பத்தி. 1804இல் பூச்சோடு போன பலிபீடச் சுவருக்கு அரை வரி.

 

பிப்ரவரி 1595, நகரமன்றத் தீர்மானம்: இனி ஆலயத்தில் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது.

அப்படியானால் அதுவரை நடந்திருக்கிறது. பக்கத்துக் கட்டடத்துப் பள்ளிப் பிள்ளைகள், வெள்ளைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, லத்தீன்.

வெள்ளைச் சுவரையும் கரித்துண்டையும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைச் சும்மா இரு என்றால் இருந்திருப்பார்களா.